கசான்ல மே மாசம் குடும்பத்தோட: கோட்டை பாத்தாச்சுன்னா சாயந்தரம் எங்க போறது?

செம்பருத்தி:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ரஷ்யால கசான்ல மெடிசின் படிக்கறா. வர்ற மே மாசம் நானும் வீட்டுக்காரரும் சின்னவனையும் (9 வயசு) கூட்டிட்டு அவளப் பாக்கப் போறோம், கிட்டத்தட்ட ஒரு வாரம் தங்கற பிளான். எங்க போலாம்னு அவகிட்டயே கேட்டா ஹாஸ்டல், காலேஜ், சூப்பர் மார்க்கெட் தவிர ஒண்ணும் தெரியல அம்மாங்கறா, பாவம் படிப்பு அப்படி. நெட்ல தேடினா எல்லாரும் க்ரெம்ளின்ங்கற அந்த ஊர்க் கோட்டை, நீலக் குவிமாடம் வச்ச மசூதி, பாமன் தெரு, அங்க ஒரு பூனை சிலைன்னு அதே போட்டோவத்தான் திரும்பத் திரும்பப் போடறாங்க. அதெல்லாம் பகல்ல பாத்துடுவோம், சரி. சாயந்தரம் என்ன பண்றது? நாடகம், சர்க்கஸ், கச்சேரி மாதிரி அந்த ஊர் ஜனங்களே போய் உக்காந்து பாக்கற இடம் ஏதாவது இருக்கா, எங்கள மாதிரி ரஷ்யன் ஒரு எழுத்து தெரியாதவங்க போனா ஏதாவது புரியுமா, இல்ல காசுக்குக் கேடா?

வீட்டுக்காரருக்கு சங்கீதம்னா உயிர், எந்த ஊர் சங்கீதமா இருந்தாலும் உக்காந்து கேப்பார். பையனுக்கு ரயில், நட்சத்திரம், ராக்கெட். எனக்கு நிறைய படிக்கப் பிடிக்கும். நானும் அவரும் சைவம், அதையும் மனசுல வச்சு சொல்லுங்க. போனவங்க, அங்க இருக்கறவங்க விவரமா எழுதினா ரொம்ப உதவியா இருக்கும்.


மெடிக்கோ_கசான்:

ஆன்ட்டி நான் கசான்ல தான் படிச்சு முடிச்சேன், உங்க பொண்ணு சொல்றது அப்படியே உண்மை, முதல் ரெண்டு வருஷம் அனாட்டமி தவிர வேற எதுவும் கண்ணுல படாது. அப்புறம் தான் நாங்க ஊரையே சுத்த ஆரம்பிச்சோம்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, கசான் மாஸ்கோ டைம்லயே ஓடுது ஆனா மாஸ்கோவுக்கு நல்லா கிழக்கால இருக்கு, அதனால மே நடுவுல விடியக்காலை மூணரைக்கே வெளிச்சம் வந்துடும், சாயந்தரம் எட்டு மணி வாக்குல சூரியன் இறங்கும். ரூம்ல கனமான திரை இருக்கான்னு கேட்டு புக் பண்ணுங்க, இல்லன்னா தம்பி நாலு மணிக்கு எழுந்து உங்களயும் எழுப்பிடுவான்.

க்ரெம்ளினுக்கு காலைல போகாம சாயந்தரம் ஆறு மணிக்கு மேல போங்க. வளாகத்துக்குள்ள நடக்க டிக்கெட் கிடையாது. குல் ஷரீஃப் மசூதி உள்ள போக தலைல துணி போட்டுக்கணும், துப்பட்டா கைல இருந்தா போதும், மாடில சுத்தி ஒரு பால்கனி இருக்கு அதுலேருந்து பாக்கலாம், தொழுகை நேரத்துல மட்டும் அமைதியா ஒதுங்கி நிக்கணும். இந்த மசூதி 2005ல தான் திறந்தாங்க, அதே இடத்துல பழசு ஒண்ணு இருந்திருக்கு, 1552ல ரஷ்ய மன்னன் இவானோட படை ஊரைப் பிடிச்சப்போ எதிர்த்து நின்னு செத்துப் போன இமாம் பேரத்தான் இதுக்கு வச்சிருக்காங்க. அதுக்குப் பக்கத்துலயே அந்த இவான் கட்டச் சொன்ன கதீட்ரல் இன்னும் நிக்குது. ரெண்டும் ஒரே மதிலுக்குள்ள, நடந்தா அஞ்சு நிமிஷம், ரெண்டுலயும் வழிபாடு நடக்குது. எனக்கு கசான்னா மனசுல வர்றது அந்த அஞ்சு நிமிஷ நடை தான். சாஞ்ச கோபுரம் ஒண்ணும் உள்ள இருக்கு, சுயும்பிகே கோபுரம், கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் சாஞ்சிருக்கு, பக்கத்துல போய் நின்னு மேல பாத்தா தலை சுத்தும். வெளிய வரும்போது இருட்டியிருந்தா ஸ்பாஸ்காயா கோபுர வாசல்ல மணி அடிக்கற நேரம் வரைக்கும் நில்லுங்க, வெள்ளையா இருக்கற கோபுரத்து வெளிச்சம் மணி அடிக்கும்போது செக்கச்செவேல்னு மாறும், தம்பிக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்து சர்க்கஸ். க்ரெம்ளின் மேட்டுலேருந்து இறங்கினா எதிர்லயே பறக்கும் தட்டு ஒண்ணு வந்து இறங்கின மாதிரி ஒரு கட்டடம் தெரியும், அதான். 1967ல கட்டினது, உள்ள அவ்ளோ பெரிய கூரைக்கு நடுவுல ஒரு தூண் கிடையாது, எந்த சீட்ல உக்காந்தாலும் மறைக்காது. வெறும் கட்டடத்தப் பாக்கவே சிவில் இன்ஜினியரிங் பசங்க வருவாங்க. சனி ஞாயிறுல ஷோ இருக்கும், பாஷை வேண்டவே வேண்டாம்.

பொம்மலாட்டத்துக்கு எகியாத் தியேட்டர், கோபுரம் கோபுரமா ராஜா கோட்டை மாதிரி 2012ல கட்டின புதுக் கட்டடம், உள்ள போறதுக்கு முன்னாடியே குழந்தைங்க வாசல்ல அரை மணி நேரம் நின்னுடுவாங்க. போஸ்டர்ல 0+, 6+, 12+னு வயசு போட்டிருக்கும், அதைப் பாத்து எடுங்க. ரொம்ப சின்னப் பிள்ளைங்க கதையா இருந்தா 9 வயசுக்கு போர் அடிக்கும்.

பாமன் தெருவுக்கு அரை நாள் போதும். நடந்து போய் பூனையப் பாத்து ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்.

சாப்பாடு: எச்போச்மாக்னு முக்கோணமா ஒண்ணு எல்லா கடைலயும் இருக்கும், பாக்க சமோசா மாதிரி இருக்கேன்னு எடுத்துடாதீங்க, உள்ள மாட்டுக்கறியோ ஆட்டுக்கறியோ உருளைக்கிழங்கோட இருக்கும். நீங்க கிஸ்தெபி கேளுங்க, மெல்லிசு ரொட்டிய மடிச்சு உள்ள உருளைக்கிழங்கு மசியல் வச்சு வெண்ணெய் தடவித் தருவாங்க, சூடா சாப்பிட்டா வயிறும் நிறையும். இனிப்புக்கு சக்சக், பொரிச்ச மாவுத் துண்டுகள தேன்ல பிசைஞ்சது, மாவுல முட்டை இருக்கும், முட்டை ஓகேன்னா சாப்பிடுங்க. எங்க போனாலும் "பெஸ் மியாசா"ன்னு சொல்லிட்டே வாங்குங்க, கறி இல்லாமன்னு புரிஞ்சுப்பாங்க.


மூன்றாம்_மணி:

அக்கா நான் மாஸ்கோல வேலை, பாலே நடனத்துக்காகவே ராத்திரி ரயில் பிடிச்சு கசானுக்குப் போற ஆள், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

மே மாசம்னு சொன்னதும் எனக்கு சந்தோஷமா போச்சு. வழக்கமா மே மாசத்துல தான் அங்க நுரேயெவ் பாலே விழா நடக்கும். ருடால்ஃப் நுரேயெவ் யாருன்னு தெரியாதவங்களுக்கு: தாத்தார் (கசான் பக்கத்து சொந்த இனம்) குடும்பம், 1938ல ஓடற ரயில்ல பொறந்தவர் (தம்பிகிட்ட சொல்லுங்க), 1961ல பாரிஸுக்கு நிகழ்ச்சிக்குப் போன இடத்துல சோவியத் ஆளுங்க கைலேருந்து தப்பிச்சு அங்கேயே தங்கிட்டார், அப்புறம் உலகமே அவர் ஆட்டத்தப் பாத்துச்சு. சாகறதுக்கு முந்தின வருஷம், 1992ல, உடம்பு சரியில்லாத நிலமைல கசானுக்கு வந்து அந்தத் தியேட்டர்ல ஆர்க்கெஸ்ட்ராவ நடத்தினார், தன் பேர விழாவுக்கு வச்சுக்கவும் சம்மதிச்சார். ஆடற கால் ஓஞ்சதுக்கப்புறமும் கைல குச்சியோட அந்த மேடை முன்னாடி வந்து நின்னார் இல்ல, அத நெனச்சுட்டே நான் ஒவ்வொரு தடவையும் உள்ள போவேன்.

தியேட்டர் பேரு முசா ஜலீல் ஓபரா பாலே தியேட்டர், சுதந்திரச் சதுக்கத்துல, வெள்ளைத் தூண் வச்ச பெரிய கட்டடம். விழா டிக்கெட் சீக்கிரம் தீந்துடும், பொண்ணகிட்ட சொல்லி இப்பவே பாக்கச் சொல்லுங்க. விழா தேதி உங்க தேதியோட ஒத்து வரலன்னா கவலப்படாதீங்க, சீசன் செப்டம்பர்லேருந்து கோடை ஆரம்பம் வரைக்கும் ஓடும், சாதாரண நாள் நிகழ்ச்சியே நல்ல தரமா இருக்கும். பாலேல பேச்சே இல்லையே, எந்த பாஷைக்காரங்களுக்கும் புரியும். போறதுக்கு முன்னாடி கதைய மட்டும் படிச்சு வச்சுக்கோங்க, பையனுக்கும் சொல்லி வைங்க.

கிடைச்சா ஷுராலே பாலே பாருங்க, என்னோட சிபாரிசு அதான். ஸ்வான் லேக் எந்த ஊர்லயும் பாக்கலாம், இது தாத்தார் மண்ணோட சொந்தக் கதை. ஷுராலேங்கறது காட்டுல இருக்கற ஒரு பிசாசு, நீள நீளமா விரல், ஆள் கிடைச்சா கிச்சுகிச்சு மூட்டியே கொன்னுடும். ஒரு மரம்வெட்டி அத ஏமாத்தி மரப் பிளவுல விரல விட வச்சு ஆப்பைத் தட்டி எடுத்துடுவான், விரல் மாட்டிக்கும். கவிஞர் துக்காய் எழுதின கதைப்பாட்டுலேருந்து எடுத்தது. இசையமைச்ச ஃபரீத் யாருல்லின் 1943ல போர்ல செத்துப் போயிட்டார், 1945ல கசான்ல இது அரங்கேறினப்போ அவர் இல்ல. சார் சங்கீதம் கேக்கறவர்னு சொன்னீங்க, இத அவருக்கு முன்னாடியே சொல்லிடுங்க, கேக்கற விதமே மாறும். துக்காய் சதுக்கம் மெட்ரோ ஸ்டேஷன்ல துக்காயோட கதைகள் மொசைக்ல இருக்கு, நிகழ்ச்சிக்குப் போறதுக்கு முன்னாடி பையனுக்கு அங்க காட்டிடுங்க.

உள்ள போற முறை: மேல போட்டிருக்கற கோட்டு ஜாக்கெட்ட கழட்டி கீழ கார்தெரோப்ல குடுத்தே ஆகணும், டோக்கன் தருவாங்க, கோட்டோட உள்ள விட மாட்டாங்க. அங்கேயே தூரக்கண்ணாடி வாடகைக்குக் கிடைக்கும், மேல் அடுக்குல சீட்னா கண்டிப்பா ஒண்ணு வாங்குங்க, ஆடறவங்க முகம் தெரியணும். மூணு தடவ மணி அடிக்கும். முதல் மணிக்கு எழுந்தா போதும், மூணாவது மணிக்கு சீட்ல இருக்கணும், லேட்டா போனா இடைவேளை வரைக்கும் வெளிய நிக்க வேண்டி வரும். இடைவேளைல ஜனங்க லாபில வட்டமா ஜோடி ஜோடியா மெதுவா நடந்துட்டே இருப்பாங்க, பாட்டிங்க நல்ல உடுப்பு போட்டு முத்து மாலையோட வருவாங்க, நீங்களும் ஒரு பட்டுப்புடவை எடுத்துட்டுப் போங்க அக்கா, அந்த இடத்துக்கு அது பொருந்தும்.

அதே சதுக்கத்துல சைதாஷேவ் கச்சேரி அரங்கம் இருக்கு, தாத்தார்ஸ்தான் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கற இடம், பெரிய ஆர்கன் வாத்தியம் ஒண்ணு மேடைக்குப் பின்னாடி சுவர் முழுக்க இருக்கும். சாருக்கு ஒரு சாயந்தரம் ஆர்கன் கச்சேரி எடுத்துக் குடுங்க. கீழ் சுருதி நாற்காலி வழியாவே உடம்புக்குள்ள வரும், ரெக்கார்டிங்ல அது வரவே வராது.


பழைய_வாசகன்:

அம்மா, படிக்கப் பிடிக்கும்னு எழுதியிருக்கீங்க, அதனால தான் இத எழுத வந்தேன். சோவியத் புத்தகங்கள் தமிழ்ல மலிவு விலைக்கு கெட்டி அட்டையோட வந்த காலத்துல வளந்தவன் நான். கார்க்கிய எழுத்துக் கூட்டிப் படிச்ச தலைமுறை. கசான்ல கார்க்கி வேலை பாத்த ரொட்டிக்கடை இன்னும் இருக்கு, அதப் பாக்காம வந்துடாதீங்க.

1884ல பதினாறு வயசுப் பையனா பல்கலைக்கழகத்துல சேரலாம்னு கசானுக்கு வந்தார். சேர வழியில்ல, காசுமில்ல. வோல்கா துறைமுகத்துல மூட்டை தூக்கினார், அப்புறம் தெரென்கோவ்ங்கறவரோட ரொட்டிக்கடைல மாவு பிசைஞ்சார். அந்தக் கடை வருமானம் ரகசியப் படிப்பு வட்டங்களுக்குப் போச்சு, மாணவர்கள் ரொட்டி வாங்கற சாக்குல வந்து தடை செஞ்ச புத்தகங்கள வாங்கிட்டுப் போனாங்க. அந்தக் கட்டடம் தான் இப்ப கார்க்கி, ஷல்யாப்பின் ரெண்டு பேருக்கும் சேர்த்த மியூசியம், கார்க்கி தெருவுலயே இருக்கு. நிலவறைக்கு இறங்கினா அடுப்பும் மாவுத் தொட்டியும் வச்சிருக்காங்க. கூரை தாழ்வு, சன்னல்னு பேருக்குத் தெரு மட்டத்துல ஒண்ணு, அதுல நடந்து போறவங்க கால் மட்டும் தெரியும். ராத்திரி பூரா அந்தச் சூட்டுல நின்னு மாவு பிசைஞ்சுட்டு விடியறதுக்குள்ள ரொட்டிய சுமந்து போய் மாணவர் விடுதில குடுத்த பையன் தான் பின்னாடி அவ்வளவு எழுதினான்னு அங்க நிக்கும்போது தொண்டை அடைக்கும்.

ஷல்யாப்பின் எதுக்கு அங்கன்னா அவர் 1873ல கசான்லயே பொறந்தவர், ரஷ்யாவோட பெரிய பாஸ் (ஆழமான கீழ்ஸ்தாயி) பாடகர். உங்க வீட்டுக்காரர் கண்டிப்பா பதிவு கேட்டிருப்பார். இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தெரியாமலே சின்ன வயசுல ஒரே நாடகக் குழு கோரஸுக்குக் குரல் சோதனைக்குப் போனதாவும் கார்க்கிய எடுத்துக்கிட்டு ஷல்யாப்பின வேண்டாம்னு அனுப்பினதாவும் கசான்ல கதை சொல்வாங்க, குரல் உடையற வயசாம். ஓபராத் தியேட்டர்ல பிப்ரவரி வாக்குல அவர் பேர்ல ஓபரா விழா நடக்கும், 1982லேருந்து நடக்குது.

அந்தத் தியேட்டருக்கு யார் பேர் வச்சிருக்காங்கன்னு மூன்றாம் மணி சொல்லாம விட்டுட்டார். முசா ஜலீல் தாத்தார் கவிஞர். போர்ல ஜெர்மன்காரங்க கைல பிடிபட்டு, சிறைப்பட்டவங்கள வச்சு அவங்க உருவாக்கின படைக்குள்ளயே இருந்து ரகசியமா எதிர்ப்பு வேலை பாத்தார். காட்டிக் கொடுக்கப்பட்டு 1944 ஆகஸ்ட்ல பெர்லின்ல தலைய வெட்டினாங்க. சிறைல உள்ளங்கை அளவு நோட்டுல கவிதை எழுதி வச்சார், கூட இருந்த கைதிங்க அத வெளில கொண்டு வந்து சேர்த்தாங்க. அதுவரைக்கும் சொந்த நாட்டுல அவருக்குத் துரோகிங்கற பேர், அந்த நோட்டு வந்து தான் உண்மை தெரிஞ்சு 1956ல சோவியத் யூனியன் வீரர் பட்டம் குடுத்தாங்க. க்ரெம்ளின் வாசல்ல முள்கம்பிய உடைச்சுட்டு நிமிர்ற வெண்கலச் சிலை அவர் தான். ஜனங்க அதுக்கு முதுகக் காட்டி கோபுரத்த போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. நீங்க கொஞ்ச நேரம் நில்லுங்க. அவர் குடியிருந்த வீடும் கார்க்கி தெருவுல சின்ன மியூசியமா இருக்கு.

க்ரெம்ளின் வாசல்லேருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் நடந்தே போயிடலாம். டால்ஸ்டாய் 1844ல சேர்ந்து பட்டம் வாங்காமலே விட்டுட்டுப் போனது இங்க தான், லெனின 1887ல வெளிய அனுப்பினதும் இங்க தான், லோபச்செவ்ஸ்கி ரெக்டரா இருந்து கணக்குல புது உலகத்தத் திறந்ததும் இங்க தான். எதிர்ல வட்டமா பெஞ்சு போட்ட இடத்துல இளவயசு லெனின் சிலை இருக்கும், வழுக்கையும் தாடியும் இல்லாம, தோள்ல கோட்டு போட்டுக்கிட்டு. பக்கத்துலயே சோவியத் வாழ்க்கை மியூசியம், பழைய ஃபிளாட் ஒண்ணுக்குள்ள பொம்மை, ரேடியோ, பள்ளிக்கூட யூனிஃபார்ம், கிடார்னு திணிச்சு வச்சிருக்காங்க, தொட்டுப் பாக்கலாம், உடுப்ப மாட்டிப் பாக்கலாம், பையன் அங்க நல்லா விளையாடுவான்.


கருவேலம்:

மெடிக்கோ சர்க்கஸ் சிபாரிசு பண்ணியிருக்காங்க, கட்டடம் பத்தி சொன்னது சரி. ஆனா ஒண்ண வெளிப்படையா சொல்லணும். ரஷ்ய சர்க்கஸ்ல இன்னமும் புலி, கரடிய வச்சு வித்தை காட்டறாங்க. நம்ம நாட்டுல அது நிறுத்தி பல வருஷம் ஆச்சு, நம்ம பிள்ளைங்க அதப் பாத்ததே கிடையாது. கூண்டுக்குள்ள கரடிய நிக்க வச்சு சைக்கிள் ஓட்ட விடறத நான் பிள்ளைங்களுக்குக் காட்ட மாட்டேன். ஊர் ஊரா குழு மாறிட்டே இருக்கும், போஸ்டர நல்லா பாத்து அந்தரத்துல தொங்கறவங்க, ஜக்ளிங், கோமாளி இருக்கற நிகழ்ச்சியா எடுங்க, அதுல ரஷ்யாக்காரங்கள அடிச்சுக்க ஆளே இல்ல. மிருகம் தான் முக்கியம்னு தெரிஞ்சா விட்டுடுங்க.

அதுக்குப் பதிலா ஒரு சாயந்தரத்த பழைய தாத்தார் பேட்டைக்கு ஒதுக்குங்க. கபான் ஏரிக்கும் கால்வாய்க்கும் நடுவுல, மரவீடுங்க பச்சை, நீலம், மஞ்சள்னு ஜன்னல் ஓரத்துல செதுக்கின சட்டத்தோட நிக்கும். கசான பிடிச்சதுக்கப்புறம் தாத்தார்கள கோட்டைக்கு வெளிய தள்ளினாங்க, அவங்க வந்து குடியேறின இடம் இது. ரெண்டு நூறு வருஷத்துக்கு மேல கல்லுல மசூதி கட்ட விடல, 1767ல ராணி கேத்தரின் நேர்ல வந்துட்டுப் போன பின்னாடி தான் அனுமதி கிடைச்சு மர்ஜானி மசூதிய முடிச்சாங்க, சோவியத் காலத்துலயும் மூடாம இருந்தது. கூரை நடுவுலேருந்து மினார் எழும்பற மாதிரி கட்டியிருப்பாங்க, பச்சை ஓடு, ரொம்ப சின்னதா அழகா இருக்கும். குல் ஷரீஃப விட எனக்கு இது தான் பிடிக்கும்.

அங்கேயே சக்சக் மியூசியம்னு ஒரு வீடு இருக்கு, முன்கூட்டி நேரம் சொல்லி வச்சா பழைய தாத்தார் குடும்பம் எப்படி இருந்துச்சுன்னு கூட்டிட்டுப் போய் காட்டி, கடைசில சமோவர் டீயும் இனிப்பும் வச்சு உக்கார வைப்பாங்க. இங்கிலீஷ்ல சொல்ல ஆள் வேணும்னா புக் பண்ணும்போதே கேட்டுடுங்க.

நாடகம் பிடிக்கும்னா கமால் தியேட்டர் விட்டுடக் கூடாது, 1906லேருந்து தாத்தார் மொழில நாடகம் போடற குழு. இப்ப கபான் ஏரிப் பக்கம் புதுக் கட்டடம், ஜப்பான்காரர் கெங்கோ குமாவோட ஆபீசும் சேர்ந்து வடிவமைச்சது, குளிர்காலத்துல ஏரி மேல உறையற பனிப் பூ மாதிரி முனை முனையா இருக்கும். நாடகம் தாத்தார்ல, ஹெட்ஃபோன்ல ரஷ்யன் வரும், சில நிகழ்ச்சிக்கு இங்கிலீஷும் வரும், டிக்கெட் எடுக்கறப்போ கேக்கணும். ஒரு சின்ன இனம் தன் பாஷைய நூறு வருஷத்துக்கு மேல மேடைல காப்பாத்தி வச்சிருக்கு, தமிழ் பேசறவங்களுக்கு அத நேர்ல பாக்கணும்னு தோணும்னு நம்பறேன்.


செம்பருத்தி:

இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரொட்டிக்கடை விஷயம் படிச்சுட்டு வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன், அங்க தான் முதல்ல போகணும்னுட்டார். சர்க்கஸ் பத்தி கருவேலம் சொன்னதுல எனக்கும் அதே எண்ணம் தான், போஸ்டர் பாத்து முடிவு பண்றோம். ஷுராலே கதைய பையன்கிட்ட சொல்லியாச்சு, ரெண்டு நாளா விரல நீட்டிட்டு அக்காவ வீடியோ கால்ல மிரட்டறான்.

இன்னும் மூணு சந்தேகம். பணம் எப்படி, நம்ம கார்டு வேலை செய்யாதாமே? நட்சத்திரம் பாக்கற இடம் ஏதாவது இருக்கா? வோல்கால படகு பயணம் போலாம்னு பொண்ணு சொன்னா, எங்க போகுது அது?


மூன்றாம்_மணி:

நட்சத்திரத்துக்கு அருமையான இடம் இருக்கு அக்கா. ஊருக்கு மேற்கால கொஞ்ச தூரத்துல எங்கல்ஹார்ட் வானாய்வகம், கசான் பல்கலைக்கழகத்தோடது. இதையும் ஊருக்குள்ள இருக்கற பழைய வானாய்வகத்தையும் சேர்த்து 2023ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. பக்கத்துலயே ஒரு கோளரங்கம், முதன்முதலா விண்வெளில கப்பல விட்டு வெளிய வந்து மிதந்தாரே அலெக்ஸி லியோனவ், அவர் பேர்ல. அப்செர்வதோரியான்னே ஒரு ரயில் நிறுத்தம் இருக்கு, புறநகர் ரயில்ல போலாம், பையனுக்கு ரயிலும் ஆச்சு. மரத்துக்கு நடுவுல பழைய வெள்ளைக் குவிமாடமும் பித்தளைப் பிடி வச்ச நீளத் தொலைநோக்கியும் பாக்கவே கம்பீரமா இருக்கும். மேகம் இல்லாத ராத்திரில கண்ண வச்சுப் பாக்க விடற நிகழ்ச்சியும் நடத்துவாங்க, மே மாசம் இருட்ட லேட் ஆகும், திரும்பி வர டாக்சி முன்னாடியே பேசிக்கோங்க.


மெடிக்கோ_கசான்:

பணம் நான் சொல்றேன் ஆன்ட்டி. 2022 மார்ச்லேருந்து வெளிநாட்டுல குடுத்த விசா, மாஸ்டர்கார்டு எதுவும் ரஷ்யால ஓடாது, ஏடிஎம்லயும் எடுக்க முடியாது. டாலரோ யூரோவோ கசங்காத, கிறுக்காத புது நோட்டா எடுத்துட்டுப் போய் பேங்க்ல ரூபிளா மாத்துங்க, ஏர்போர்ட்ல கொஞ்சமா மாத்துங்க போதும். உங்க பொண்ணுகிட்ட அங்க லோக்கல் மிர் கார்டு இருந்தா டிக்கெட் எல்லாம் அவள ஆன்லைன்ல எடுக்கச் சொல்லிட்டு ரொக்கமா குடுத்துடுங்க. இல்லன்னா நேரா தியேட்டர் காஸ்ஸால (டிக்கெட் கவுன்டர்) போய் காசு குடுத்து வாங்கலாம், சீட் வரைபடம் காட்டுவாங்க, விரல வச்சுக் காமிச்சா போதும். பாதுகாப்பு காரணம்னு சில நாள் ஏர்போர்ட்ட கொஞ்ச நேரம் மூடறதும் மொபைல் நெட்ட நிறுத்தறதும் நடக்குது, அதனால திரும்பற ஃபிளைட்டுக்கு முந்தின நாள் எதையும் வெளியூர்ல வச்சுக்காதீங்க, மேப்ப ஆஃப்லைன்ல இறக்கி வச்சுக்கோங்க.

படகு போறது ஸ்வியாழ்ஸ்க்குக்கு. ஆத்துத் துறைமுகத்துலேருந்து ரெண்டு மணி நேரம் மாதிரி ஆகும், மேல்தளத்துல காத்து சில்லுனு அடிக்கும், மே மாசம்னாலும் ஸ்வெட்டர் கைல இருக்கட்டும். போற வழில ஆறு விரிஞ்சு கடல் மாதிரி ஆயிடும், அணை கட்டித் தண்ணி ஏறினப்போ தான் அந்த ஊர் தீவாச்சு, இப்ப சாலையும் போட்டுட்டாங்க. கசானப் பிடிக்கறதுக்கு முந்தின வருஷம், 1551ல, இவான் ஒரு முழு மரக்கோட்டையவே மேல எங்கயோ காட்டுல செஞ்சு, மரத்துக்கு மரம் குறி போட்டுப் பிரிச்சு, வோல்கால மிதக்க விட்டு, இங்க வந்து நாலே வாரத்துல பூட்டி நிறுத்தினான். அந்தக் கோட்டை இப்ப இல்ல, ஆனா மடமும் தேவாலயமும் இருக்கு. உஸ்பென்ஸ்கி கதீட்ரல் உள்ள சுவர் பூரா பதினாறாம் நூற்றாண்டு ஓவியம், 2017லேருந்து அது யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. அதுல குதிரைத் தலையோட ஒரு புனிதர் நிப்பார், கிறிஸ்டோஃபர்னு பேரு, நம்ம ஹயக்ரீவரப் பாத்த கண்ணுக்கு சட்டுனு அடையாளம் தெரியற மாதிரி இருக்கும், கைட் கிட்ட எந்தப் பக்கம்னு கேட்டுட்டு நிதானமா தேடுங்க, வெளிச்சம் கம்மி. உள்ள போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கறவங்ககிட்ட கேட்டுக்கோங்க. நீங்க தலைக்குத் துணி, அங்கிளுக்கு முழு பேன்ட்.

படகு தினமும் ஒண்ணு ரெண்டு தான், காலைல போறத விட்டுட்டா பஸ்ஸோ டாக்சியோ தான், அதனால டைம முந்தின நாளே பாத்துடுங்க. பெரும்பாலான மியூசியம் திங்கக்கிழமை லீவு, அதனால அன்னிக்கு ஸ்வியாழ்ஸ்க் வச்சுக்கலாம்னு நெனச்சா அங்க இருக்கற மியூசியமும் பூட்டியிருக்கலாம், திங்கக்கிழமைய க்ரெம்ளின் வளாகத்துக்கும் ஏரிக்கரை நடைக்கும் விட்டுடுங்க. மே 9 வெற்றி நாள், அன்னிக்கு நடு ஊர்ல ரோடு மூடியிருக்கும், அந்த வாரத்துல வந்தா க்ரெம்ளின் பக்கத்துலயே ரூம் போடாம துக்காய் சதுக்கம் மெட்ரோ கிட்ட போடுங்க, எல்லாத்துக்கும் நடந்தே போயிடலாம். உங்க தேதி முடிவானதும் இங்க எழுதுங்க, அந்த வாரம் எந்தத் தியேட்டர்ல என்ன ஓடுதுன்னு பாத்து சொல்றேன்.